பூ இல்லாமல் சொன்ன பெயர்

சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
12.11.2023

அன்புள்ள தம்பி குமரகுருவுக்கு,

அக்கா காவேரி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், எழுந்து நடமாடுகிறோம். அதை நலம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வியாழக்கிழமை கம்பிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளிவைக்க அது நம் வீடு இல்லை. போடுவதைச் சாப்பிடு.

இன்று தீபாவளி. கீர்த்திக்கு மட்டும் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினோம். "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள். உன் பெண்டாட்டி சுகாசினி கொஞ்சமும் யோசிக்காமல், "பெங்களூர்ல பெரிய சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போயிருக்காருமா" என்றாள். ஆறு வயசுக் குழந்தை என் முகத்தைப் பார்த்தது. நானும் தலையாட்டினேன்.

வக்கீல் ராஜவேலு வந்து விளக்கமாகச் சொன்னார். "மேடம், மூணு மூட்டை இலை புடிச்சிருக்காங்க. அது சாதாரணக் காயாச் செடின்னு ஆயிட்சின்னா, காட்டுக்குள்ள நுழைஞ்சதுக்கு அபராதம், அதோட முடிஞ்சிது. ஊமைக் காயான்னா பாதுகாக்கணும்னு பட்டியல்ல இருக்குற செடி. தெரிஞ்சே வெட்னாருன்னு ஆச்சின்னா மூணு வருசத்துக்குக் கொறையாது." உன்னைப் பிடித்த வனக்காவலர் சின்னப்பையன் அது ஊமைக் காயாதான் என்று சத்தியம் பண்ணுகிறாராம். பெயர்தான் சின்னப்பையன், ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறதாம். பத்தொன்பது வருஷமாக அந்தப் புதர்களைப் பார்த்துவருகிறவர். ஆனால் காவலர் சொன்னால் கோர்ட் எடுத்துக்கொள்ளாது. செடி படித்தவர்கள் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி. நீ இலை எடுத்த இடத்தில் ஏதாவது ஒரு செடியிலாவது பூ இருந்ததா? ஞாபகப்படுத்திப் பார்த்து எழுது.

கம்பளி அனுப்பியிருக்கிறேன். மலையடிவாரத்துக் குளிர் உனக்கு ஆகாது.

இப்படிக்கு,
உன் அக்கா
காவேரி


கிளைச் சிறை
27.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

குமரகுரு எழுதுவது. நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால்தான் கடிதம் சீக்கிரம் போகும் என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னார். அதனால் நன்றாக இருக்கிறேன். உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? சுகாசினியும் கீர்த்தியும் சுகமா?

கம்பளி வந்தது. மஞ்சிட்டி வேர்ச் சாயத்தின் சிவப்பு நகக்கண்ணில் இன்னும் போகவில்லை. முதல் நாள் என் கையைப் பார்த்துவிட்டு ஒருவர் கொலைக்கேஸ் என்று பயந்து தள்ளி உட்கார்ந்தார். பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவன் என்று சொன்னேன். "இலை பறிச்சதுக்கா உள்ள போட்டாங்க?" என்று இரண்டு நாள் சிரித்தார்கள்.

வாலாஜாபாத் கண்ணாயிரம் கால் உடைத்துக்கொண்டு படுக்காமல் வழக்கம்போலக் காயா இலை கொண்டுவந்து போட்டிருந்தால் நான் ஏன் தேன்பாறை மலை ஏறப் போகிறேன். படிகாரம் போடாமல் சிவப்பு வேண்டும் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். காயா இலை இல்லாமல் அந்தச் சிவப்பு நூலில் நிற்காது. உனக்குத் தெரியாததா.

யார் சொல்லி இந்தச் செடியில் கை வைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை, நானே பார்த்து முடிவு பண்ணினேன் என்றேன். என் போன் ஓடையில் விழுந்து போய்விட்டது. உன்னிடம் யார் வந்து கேட்டாலும் உனக்கும் ஒன்றும் தெரியாது. சரியா?

பூ இல்லை.

இங்கே கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருகிறார்கள். இனிமேல் எழுதுவதை ராஜவேலு சார் கையில் கொடுத்தனுப்பு. இதையும் அவர் கையில்தான் தருகிறேன்.

உன் தம்பி
குமரகுரு


சிவமயம்

காஞ்சிபுரம்
18.12.2023

அன்புள்ள தம்பிக்கு,

மார்கழிக் குளிரில் உன் நெஞ்சுச்சளி எப்படி இருக்கிறதோ என்று கவலையாக இருக்கிறது. சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் குடி. இங்கே கீர்த்திக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது.

இதை வக்கீல் கையில் தருவதால் மூடாமல் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஏனாத்தூரில் எங்கள் கல்லூரித் தாவரவியல் துறைக்கு அரக்கு முத்திரை வைத்த ஒரு பொட்டலம் வந்தது. தேன்பாறைக் காட்டில் பிடித்த இலை எந்தச் செடியுடையது என்று எழுதித் தரும்படி கூடவே கோர்ட் கடிதம். துறைத்தலைவர் அதை அப்படியே என் மேசையில் வைத்தார். "காயாவில் ஆராய்ச்சி பண்ணினது நீங்கதானேமா, நீங்களே பாத்துடுங்க" என்றார். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் ந. குமரகுரு. நான் ந. காவேரி. இனிஷியல் ஒன்று, ஊர் ஒன்று. யாரும் கவனிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு காயாவுக்கும் இலை ஒன்றுதான். தடித்த இலை, நரம்பு வெளியே தெரியாது, காய்ந்தால் மஞ்சள். உன் தொட்டியில் போட்டாலும் ஒரே சிவப்பைத்தான் பிடிக்கும். பூவில்தான் வித்தியாசம். சாதாரணக் காயாவில் காம்பு நீண்டு, அதன் நுனியில் கொத்தாக நீலப் பூ. ஊமைக் காயாவில் காம்பே கிடையாது. இலைக்குக் கீழே பழைய கட்டையோடு ஒட்டிக்கொண்டு, சாம்பல் வெள்ளையில் பூக்கும். பூ இல்லாவிட்டால் இளங்குச்சியாவது வேண்டும். ஊமைக் காயாவின் குச்சி நாலுபட்டையாக இருக்கும், ஒவ்வொரு விளிம்பிலும் நூல் ஒட்டினமாதிரி ஒரு கோடு ஓடும். பொட்டலத்தைக் கொட்டிப் பார்த்தேன். இலை, இலை, இலை. ஒரு குச்சி இல்லை. குச்சியெல்லாம் எங்கே போட்டாய்?

அக்டோபர் முப்பதாம் தேதி நான் தேர்வுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீ உள்ளங்கையில் ஐந்து இலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினாய். நான் மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு, அரை நிமிஷம்கூடப் பார்க்காமல், "சாதாரணக் காயாதான். தாராளமா எடு" என்று அடித்துவிட்டேன். பூ இருக்கிறதா என்று கேட்கவில்லை. பூ இல்லாமல் பெயர் சொல்லாதே என்று பதினாலு வருஷமாகப் பிள்ளைகளைத் திட்டுகிறவள் நான். ஒரு பையனை அதற்காகவே பெயிலாக்கியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம்!

யாரும் சொல்லவில்லை என்று நீ சொன்னது எனக்காகத்தான். அதைப் படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த வாசகம் என் போனில் இன்னும் இருக்கிறது. அழிக்கக் கை போகிறது, திரும்பி வந்துவிடுகிறது.

உன் அக்கா
காவேரி


கிளைச் சிறை
6.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கீர்த்திக்குக் காய்ச்சல் விட்டதா? சளி இருக்கிறது, போய்விடும். நேற்று ஜாமீன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். இது இரண்டாவது தடவை. அரிய செடி விஷயம், வெளியே விட்டால் மறுபடியும் போவான் என்று சொன்னார்களாம். நான் என்ன புலியா பிடித்தேன்?

குச்சியைப் பள்ளத்தில் வீசிவிட்டேன். கிளையை வெட்டி, அங்கேயே உட்கார்ந்து இலையை உருவி, மூட்டையில் அமுக்கினேன். சாயத்துக்கு இலைதானே வேண்டும். குச்சியை யார் தலையில் சுமந்துகொண்டு இறங்குவது? இப்போது தெரிகிறது, குச்சியைச் சுமந்திருந்தால் ஜெயிலைச் சுமக்க வேண்டியிருக்காது. அல்லது இன்னும் நன்றாக மாட்டியிருப்பேன்.

ஆனால் அக்கா, உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பொட்டலம் உன் மேசைக்கே வந்திருக்கிறது! காமாட்சி கண் திறந்துவிட்டாள் என்று இங்கே தனியாக அழுதேன். இலையை வைத்து யாராலும் சொல்ல முடியாது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நீ சாதாரணக் காயா என்று எழுதினாலும் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வரி. ஒரு கையெழுத்து. பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன்.

எழுதிவிடு அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் தம்பி
குமரகுரு


சிவமயம்

காஞ்சிபுரம்
25.1.2024

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கல் வந்தது, போனது. பானை வைத்தோம். உனக்குப் பிடித்த கரும்பு வாங்கவில்லை. சுகாசினி மாத்திரை இல்லாமல் தூங்குவதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

எழுதினேன், குமரா. உண்மையாகவே எழுதினேன். கல்லூரி முத்திரை போட்ட தாளில், "இந்த இலைகள் சாதாரணக் காயாவைச் சேர்ந்தவை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஏனாத்தூர் பஸ் நிறுத்தம் வரை கையில் எடுத்துக்கொண்டு போனேன். பஸ் வந்தது, போனது. திரும்பி வந்து கிழித்துப் போட்டேன். பூ பார்க்காமல் ஒரு தடவை பெயர் சொல்லித்தான் நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய். இரண்டாவது தடவையும் பார்க்காமல் சொல்லச் சொல்கிறாய்.

இலையை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது, மார்ச் மாதம் பூக்கும்போது அதே இடத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். மார்ச் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அது சாதாரணக் காயாவாகவே இருக்கலாம். தேன்பாறையில் இரண்டும் உண்டு. அப்படி இருந்தால் சின்னப்பையன் இல்லை, அவருக்கு மேலே இருக்கிற யார் வந்தாலும் விடமாட்டேன்.

இரண்டு மாதம் பொறுத்துக்கொள். காமாட்சியம்மன் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். அம்மனிடம் என்ன வேண்டினேன் தெரியுமா? பூவுக்குக் காம்பு இருக்க வேண்டும் என்று. இப்படி ஒரு வேண்டுதலை அவள் கேட்டிருக்கமாட்டாள்.

உன் அக்கா
காவேரி


கிளைச் சிறை
16.2.2024

காவேரி அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

போன வாரம் சுகாசினி வந்தாள். கீர்த்தி பள்ளிக்கூடத்தில் "எங்கப்பா பெங்களூர்ல இருக்குறாரு" என்று சொல்ல, கூடப் படிக்கிற பிள்ளை, "இல்ல, உங்கப்பா ஜெயில்ல இருக்குதுன்னு எங்கம்மா சொல்லிச்சி" என்றதாம். அன்றிலிருந்து குழந்தை என் பெயரையே எடுப்பதில்லையாம். கேட்பதை நிறுத்திவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு சுகாசினி கம்பியில் தலையை முட்டிக்கொண்டாள். காவலர் வந்து இழுத்துப் போனார்.

இரண்டு மாதம் பொறுத்துக்கொள் என்று எழுதுகிறாய். எழுத லேசாக இருக்கும். நாற்பது பேர் படுக்கிற இடத்தில் அறுபத்திரண்டு பேர் படுக்கிறோம். எனக்கு இருமினால் நெஞ்சு பிடிக்கிறது. போன திங்கட்கிழமை ஒருத்தன் லுங்கியைக் கிழித்துத் தொங்கப் பார்த்தான். இறக்கிவிட்டோம். எனக்கு அவன்மேல் பரிதாபம் வரவில்லை அக்கா, பொறாமைதான் வந்தது. இதை சுகாசினியிடம் சொல்லாதே.

அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் நீ. உனக்கு எதிரே நின்று நான் பேசியதில்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு இலை பெரிசா, தம்பி பெரிசா? காட்டில் இருக்கிற ஊமைச் செடிக்காகப் பேசுகிறாய். எனக்காகப் பேச உனக்கு வாய் இல்லை.

பதில் எழுதுவதாக இருந்தால் நான் கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டு எழுது. இல்லாவிட்டால் வேண்டாம்.

குமரகுரு


சிவமயம்

காஞ்சிபுரம்
26.3.2024

அன்புள்ள தம்பி குமரகுருவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. நீ கேட்டதைச் செய்யாமல் எழுதக் கூடாது என்றாய், அதனால் எழுதவில்லை. ராஜவேலுவிடம் தினம் உன்னைப் பற்றி விசாரித்துக்கொண்டுதான் இருந்தேன். இருமலுக்கு ஊசி போட்டார்கள் என்றார். குறைந்திருக்கிறதா? அந்த லுங்கி விஷயத்தைப் படித்ததிலிருந்து போன் மணி அடித்தால் யார் பெயர் என்று பார்க்காமல் எடுப்பதில்லை. கீர்த்தியை நினைத்துக்கொள். எங்களுக்காக உயிரோடு இரு.

வெள்ளிக்கிழமை தேன்பாறை மலைக்குப் போய் வந்தேன். சின்னப்பையன்தான் அழைத்துப் போனார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். யாரை என்று சொல்ல வேண்டாம். "பதினாலு பொதரும்மா. இந்த மலை முச்சூடும் அவ்ளோதான். முழங்கா ஒசரத்துக்கு வெட்டிக்கினு பூட்டான். எம்புள்ளயா இருந்தாலும் வுடமாட்டேன்" என்றார். நான் மூச்சு வாங்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பதின்மூன்று கட்டைகளையும் எண்ணினேன். பத்து பட்டுப்போய்விட்டன. மூன்றில் விரல்நீளம் துளிர் வந்திருக்கிறது. பாறைக்குப் பின்னால் உன் கண்ணில் படாமல் ஒன்று தப்பியிருக்கிறது. அது பூத்திருந்தது.

 தூரத்திலேயே நின்று, நீலமாக இரு, நீலமாக இரு என்று முணுமுணுத்தேன். சின்னப்பையன் பைத்தியம் என்று நினைத்திருப்பார். பிறகு போய் இலையைத் தூக்கிப் பார்த்தேன். காம்பு இல்லை. கட்டையோடு கட்டையாக ஒட்டிக்கொண்டு, சாம்பல் வெள்ளை. குச்சியைத் தடவினேன். நாலு விளிம்பு, நாலு கோடு. லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. ஊமைக் காயாதான், குமரா. ஒரு கிளையை எடுத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அங்கே சீமாற்றுப் புல் அறுக்கிற ஒரு அம்மா வந்தார். சம்பூர்ணம் என்று பெயர். சின்னப்பையன் ஓடைப்பக்கம் போயிருந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "நீ அந்தப் புள்ளயோட அக்காவா? படிச்ச அக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். முகச்சாயல் சரி. படித்தவள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நேற்று பங்குனி உத்திரம். ஏகாம்பரநாதர் கோயில் தெருவெல்லாம் கல்யாண மேளம். நான் துறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் எதிரே இரண்டு தாள்கள். ஒன்றில் தேன்பாறையில் பறித்த கிளை. இன்னொன்றில் வாலாஜாபாத் பக்கம் பறித்த சாதாரணக் காயா, நல்ல நீலப் பூவோடு. இரண்டுக்கும் பெயர்ச்சீட்டு எழுதுகிறவள் நான். சீட்டை மாற்றி ஒட்ட ஐந்து நிமிஷம் ஆகாது. நாளை மறுநாளைக்குள் அனுப்பியாக வேண்டும்.

என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. நம் அப்பா இருந்திருந்தால் அவரைக் கேட்டிருப்பேன். உன்னைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும்.

உன் அக்கா
காவேரி


கிளைச் சிறை
2.4.2024

அக்கா,

இருமல் குறைந்திருக்கிறது. நீ எழுதியது 30ஆம் தேதிதான் கைக்கு வந்தது. அதற்குள் நீ அனுப்பியிருப்பாய். என்ன அனுப்பினாய் என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும். எதை எழுதியிருந்தாலும் உன் போனில் இருப்பதை யாரிடமும் காட்டாதே. உன் வேலை போனால் சுகாசினிக்கும் குழந்தைக்கும் யார் இருக்கிறார்கள்? அந்த மலையில் யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. அவர்களுக்கு நூறு கதை இருக்கும்.

பிப்ரவரியில் நான் எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

குமரகுரு


சிவமயம்

காஞ்சிபுரம்
20.4.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். வெயில் கொளுத்துகிறது, அங்கே விசிறியாவது சுற்றுகிறதா? நேற்று ஓட்டுப் போட்டோம். கீர்த்தி என் விரலைப் பிடித்துப் பார்த்து, "அத்தை, இது அப்பா போடுற சாயமா?" என்று கேட்டாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு உன் பேச்சை எடுத்திருக்கிறாள். அதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

மார்ச் 28ஆம் தேதி சீட்டு மாற்றாமல் ஒட்டினேன். "ஊமைக் காயா" என்று எழுதினேன். கூடவே இன்னொரு தாள் வைத்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் என் உடன்பிறந்த தம்பி, இதைச் சாதாரணக் காயா என்று அவருக்குச் சொன்னவள் நான், என் வார்த்தையை நம்பித்தான் வெட்டினார், தெரிந்தே செய்யவில்லை என்று எழுதி, அந்த வாசகத்தோடு போனையும் ஒப்படைத்துவிட்டேன்.

துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் கத்தியிருந்தால் தேவலை. அன்று மாலையே இடைநீக்கம். பிள்ளைகளெல்லாம் படிக்கட்டில் நின்று பார்த்தார்கள். என்னிடம் பெயிலான பையன் ஒருத்தன் வந்து பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தான்.

வழக்கில் இப்போது நான் இரண்டாவது எதிரி. கைது செய்யாமலிருக்க ராஜவேலு நிபந்தனை ஜாமீன் வாங்கியிருக்கிறார். திங்கட்கிழமை முதல் தேன்பாறை அடிவாரத்திலேயே தங்கி, தினம் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தெரியாமல் செய்தவர் என்பதால் உனக்கு இந்தத் தடவை நிச்சயம் ஜாமீன் கிடைக்கும் என்கிறார். நீ வெளியே வருகிற அன்று நான் வீட்டில் இருக்கமாட்டேன். சுகாசினியிடம் சாவி இருக்கிறது. பட்டறைத் தொட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன்.

இலை பெரிசா தம்பி பெரிசா என்று கேட்டாய். தம்பிதான் பெரிசு. அதனால்தான் என் தப்பை நீ சுமக்கக் கூடாது என்று நினைத்தேன்.

உன் அக்கா
காவேரி


சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
19.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குமரகுரு வணக்கமாக எழுதுவது. இங்கே சுகாசினி சுகம், கீர்த்தி சுகம். நீ அந்த வாடகை அறையில் என்ன சாப்பிடுகிறாய்? கழுத்துவலிக்குத் தைலம் இதோடு வருகிறது. அறையை வாடகைக்கு விட்டவரின் போனில் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் மறைத்துவிடுவேன். அதனால் ராஜவேலு சார் கையில் கொடுக்கிறேன்.

வெளியே வந்து பதிமூன்று நாள் ஆகிறது. முதல் நாள் கீர்த்தி கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து மடியில் உட்கார்ந்து என் நகத்தைப் பார்த்தாள். வெளுத்துப்போயிருந்தது. "பெங்களூர்ல சாயமே போடலியாப்பா?" என்றாள்.  அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, உன்னைப் போலவே.

அக்கா, சம்பூர்ணம் அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மலைக்குப் போன அன்று, முதலாவது புதரில் கத்தியை வைத்தபோது அந்த அம்மா ஓடி வந்தது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு செடிக்கு முன்னால் நின்றது. "இது ஊமைக் காயாப்பா. வெட்டாத. சாமிக்கு ஒரு இணுக்குக் கிள்றதுக்கே நாங்க கும்புட்டுட்டுத்தான் கிள்ளுவோம்" என்றது. நான் சிரித்தேன். போனை எடுத்து நீ அனுப்பியதை நீட்டினேன். "இன்னாமா நீ, எங்க அக்கா இந்தச் செடியிலயே பட்டம் வாங்கினவங்க. அவங்களே சொல்லிட்டாங்க, பாரு" என்றேன். அந்த அம்மா போனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா" என்று சொல்லி ஒதுங்கி நின்றது. நான் பதின்மூன்றையும் வெட்டி முடிக்கிற வரைக்கும் நின்றது. காட்டில் புல் அறுக்க அதற்கும் அனுமதி கிடையாது. அதனால்தான் இத்தனை மாதம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

உன்னை நம்பித்தான் வெட்டினேன் என்று நீ எழுதினாய். முதல் புதர்வரை அது உண்மை. அந்த அம்மா சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது. பாறைமேல் ஏறினால் டவர் கிடைத்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் நீ முதல் வார்த்தையாகப் பூ இருக்கிறதா என்று கேட்பாய் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டுவிடக் கூடாது என்றுதான் நான் போடவில்லை. நூலைத் திருப்பிக் கொடுக்கிற நாள் நெருங்கிவிட்டது, வண்டி கீழே நின்றுகொண்டிருந்தது. இவ்வளவுதான் காரணம். இதற்காகத்தான் பத்து செடி செத்தது. யாரும் சொல்லவில்லை என்று உன்னைக் காப்பாற்றுகிறவன் மாதிரி சொன்னேனே, காப்பாற்றியது என்னைத்தான். உன் பெயரைச் சொன்னால் மலைக்குப் போய் விசாரிப்பார்கள், அந்த அம்மா வாயைத் திறந்துவிடும் என்று பயந்தேன். போனை ஓடையில் நானேதான் போட்டேன். அப்புறம் ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு உனக்கு வாய் இல்லை என்று எழுதினேன். அந்தக் கையை வெட்டினாலும் தகும்.

நாளை மறுநாள் வாய்தா. அது ஊமைக் காயா என்று என்னிடம் சொன்னார்கள், தெரிந்தே வெட்டினேன் என்று கோர்ட்டில் சொல்லப் போகிறேன். சம்பூர்ணம் அம்மா பெயரைச் சொல்லமாட்டேன். ராஜவேலு சார் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே என்னை உள்ளே எடுத்துக்கொள்வார்கள் என்றார். உன்மேல் இருக்கிற கேஸ் நிற்காது என்றும் சொன்னார். சுகாசினியிடம் நேற்றுச் சொன்னேன்.  கம்பளியை எடுத்து வெயிலில் போட்டாள்.

நீ வீட்டுக்கு வந்துவிடு அக்கா. வருவதற்கு முன்னால் அந்த மூன்று துளிரை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா.

கீர்த்தி உன்னிடம்தான் வந்து கேட்பாள். இந்தத் தடவை பெங்களூர் என்று சொல்லாதே.

உன் தம்பி
குமரகுரு